இருபத்தெட்டு விநாடிக் கண்ணாடி

5-5-53, செவ்வாய்

கத்திரி பிறந்து இரண்டு நாள். எட்டு மணிக்கே டிப்போ இரும்புக் கேட்டில் கை வைக்க முடியவில்லை. கடற்காற்று பதினொன்றுக்கு மேல்தான். ட்ராம் நின்றுபோனதிலிருந்து பஸ்ஸில் தொங்கல். ராயபுரத்திலிருந்து இன்றும் நடை.

கேட்டில் வழக்கம்போல் சோதனை. தீப்பெட்டி, பீடி எல்லாம் வாட்ச்மேன் டப்பாவில். பெட்ரோல் டிப்போவில் தீ அணைக்க என்றே இருப்பவர்கள் நாங்கள் ஆறு பேர். எங்களைத்தான் முதலில் தடவிப் பார்க்கிறான்.

காலைப் பயிற்சி. மூச்சை அடக்கிக்கொண்டு யார்டில் நடப்பது. கணக்கு:

தேசப்பன் – 4 க.
கபாலி – 2½ க.
மற்ற மூவர் – 2 க., சுமார்.
நான் – 2¼. (வயது நாற்பத்திரண்டு. போதும்.)

க. என்றால் கண்ணாடி. மணல் கண்ணாடி ஒருமுறை முழுக்க ஒழிகிற நேரம். பழைய கப்பல் சாமான் கடையில் இரண்டு வருஷத்துக்கு முன் வாங்கியது. கப்பலில் முடிச்சுப் போட்ட கயிற்றைப் பின்னால் விட்டு, மணல் ஒழிவதற்குள் எத்தனை முடிச்சு ஓடுகிறது என்று எண்ணி வேகம் பார்ப்பார்களாம். பித்தளை வளையத்தில் 28 என்று குத்தியிருக்கிறது. இருபத்தெட்டு விநாடி. எங்கள் ஆறு பேரில் ஒருவரிடமும் கைக்கடிகாரம் கிடையாது. ஆபீஸ் சுவர்க் கடிகாரத்துக்கு விநாடி முள் கிடையாது. இந்தக் கண்ணாடி வந்த பிறகுதான் எங்கள் பயிற்சிக்கு ஓர் ஒழுங்கு வந்தது. இதை நான் சொல்லிக்கொள்ளலாம்.

தேசப்பன் காசிமேட்டுக் குப்பத்து ஆள். வலை பாறையில் மாட்டினால் முங்கி எடுத்த பரம்பரை. மழைக்காலத்தில் அவனே 2¾ தான். இப்போது நாலு. எல்லாம் பொங்கலிலிருந்து நான் வைத்த முறை: விடிகாலை மணலில் ஓட்டம், பச்சை முட்டை, மூச்சை இழுப்பதைவிட விடுவதை நிதானமாக்குதல். ஆறு பேருக்கும் ஏறியிருக்கிறது.

"இன்னா மேஸ்திரி, நாலு ஆச்சி. அஞ்சாவதும் பாத்துடலாமா?"

வேண்டாம் என்றேன். கண் சிவந்திருந்தது.

பம்பு மட்டும் மோசம். கைப்பம்பில் கண்ணாடிக்கு 24 அடி அடித்தவர்கள் இப்போது 16, 17. வெயில் சோம்பல். நன்றாகத் திட்டினேன்.

6-5-53, புதன்

வெயில் அப்படியே. தண்ணீர்க் குழாயில் சண்டை; என் சம்சாரம் தனம் இரண்டு குடத்தோடு திரும்பினாள்.

கண்ணாடியின் உபயோகங்கள், இதுவரை கண்டது. சும்மா எழுதி வைக்கிறேன்.

1. மூச்சு அடக்குதல்.
2. மூச்சு விடுதல். பதறுகிறவனை உட்கார வைத்து, மணல் ஒழியும்வரை ஒரே மூச்சை மெதுவாக விடச் சொல்வது. முதலில் பாதியில் தீர்ந்துவிடும். மூன்று நாளில் முழுதும் வரும். பதற்றம் தானே அடங்கும்.
3. பம்பு அடி. ஒரு கண்ணாடி அடி, ஒரு கண்ணாடி ஓய்வு. இப்படி மாற்றினால் மணிக்கணக்கில் தாங்கும்.
4. மணல் வாளி வரிசை. கண்ணாடிக்கு எத்தனை வாளி கை மாறியது.
5. உப்புத் தண்ணீர் கொப்பளிக்க. ஒன்று.
6. வீட்டில் ஒரே ஊஞ்சல், இரண்டு பெண்கள். ஆளுக்குப் பத்து.
7. என் கோபம்.

ஏழாவது தனம் கண்டுபிடித்தது. "பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு தபா கவுத்து வையுங்க. அது ஒயிஞ்சப்புறம் திட்டுங்க." ஒழிந்த பிறகு திட்டுவதற்கு ஒன்றும் இருப்பதில்லை. பாதி நாள்.

முட்டை வேகவைக்க உதவாது. அதையும் அவள் பார்த்துவிட்டாள்.

8-5-53, வெள்ளி

நல்ல நாள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: லீடிங் ஃபயர்மேன் பதவிக்கு என் பெயர் போகிறது. கையில் சிவப்புப் பட்டை. ஜூன் முதல்.

நடந்தது. சூப்பர்வைசர் நாயர் கூப்பிட்டனுப்பினார். மேஜை மேல் நான் சிவப்பு-நீலப் பென்சிலில் போட்டுக் கொடுத்த மூச்சு சார்ட். சுவரில் மாட்டச் சட்டம் போட்டிருக்கிறார். விஷயம் மூன்றாம் நம்பர் பள்ளம். பைப் லைனின் வால்வு பூமிக்குக் கீழே, பன்னிரண்டு படி ஏணி. வால்வு கசிந்தால் பெட்ரோல் ஆவி வெளியே போகாமல் அடியிலேயே தங்கும். முகமூடி ஒன்றுதான், அதன் ரப்பர் குழாய் வெடித்து எட்டு மாதம். புதியதுக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள், வரவில்லை.

அடுத்த வாரம் சனிக்கிழமை அந்த வால்வைப் பிரித்து, கசிவை அடைக்கிற பாக்கிங்கை மாற்ற வேண்டும். நடுவில் கசிந்தால் ஒருவன் மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கி, சக்கரத்தை ஆறு சுற்று சுற்றி மூடிவிட்டு ஏற வேண்டும். பள்ளம் சுத்தமாக இருக்கும்போது நாயர் தம் கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்திருக்கிறார். இறங்கி, மூடி, ஏற எழுபது விநாடி.

"உங்க சார்ட்டுல தேசப்பனுக்கு நாலு. நாலு இருபத்தெட்டு நூத்துப் பன்னிரண்டு. நாப்பது விநாடிக்கு மேலயே மிச்சம், இல்லையா மேஸ்திரி?"

"ஆமா சார். தாராளமா."

அப்படித்தான் சொன்னேன். தாராளமா.

உத்தரவு டைப் ஆகி மேலிடத்துக்குப் போய்விட்டது. அவசரத்துக்கு இறங்கவேண்டியவன்: தேசப்பன். சான்று: என் பெயர்.

தேசப்பனிடம் சொன்னேன். காலரைத் தூக்கி விட்டுக்கொண்டான். சாயந்திரம் அவன் பெண்சாதி மங்கா தனத்திடம் வந்து, "எங்க வூட்டுக்காரரு பேரு இங்கிலீசுல அடிச்சி கீதாமே" என்று கேட்டுப் போனாளாம்.

10-5-53, ஞாயிறு

காலை பெரம்பூரில் பௌத்த சங்கக் கூட்டம். அப்பா காலத்திலிருந்து போகிற வழக்கம். பேச்சு முடிந்ததும் கால் மணி நேரம் கண் மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். அளக்க வேண்டாம், போவதையும் வருவதையும் பார்த்தால் போதும் என்றார்கள். என்னால் அளக்காமல் முடியவில்லை. பட்டையை எந்தக் கையில் தைப்பது என்று வேறு யோசனை.

மத்தியானம்தான் இடி.

தனம் முறுக்குக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். மெல்லிய சல்லடை, அவள் அம்மா வீட்டுச் சீர். நான் பக்கத்தில் ஈசிசேரில். நல்ல நைசாக விழுகிறதே என்றேன், பேச்சுக்கு.

"உங்க மணலக் கூட இதுலதான் சலிச்சேன்."

எந்த மணல்?

கார்த்திகை மழையில் கண்ணாடிக்குள் ஈரம் ஏறி மணல் கட்டிப்போனது. விழவே இல்லை. அடியில் தக்கை இருக்கிறது, அதைத் திறந்து உலர்த்திக் கொடு என்று நான்தான் இவளிடம் கொடுத்தேன். இது நினைவிருக்கிறது. இவள் என்ன செய்திருக்கிறாள்: இரும்புச் சட்டியில் கடலை வறுப்பதுபோல் வறுத்திருக்கிறாள். பிறகு சலித்திருக்கிறாள்.

"சலிச்சியா? எதுக்கு?"

"கட்டி கட்டியா இருந்துச்சி. கப்பி வேற. நைசா இருந்தா தானே நல்லா வியும்? கப்பியத் தூக்கிப் போட்டுட்டேன்."

"எவ்ளோ?"

"ஒரு கை இருக்கும். ஏன், இன்னா?"

ஒன்றுமில்லை என்றேன். கண்ணாடி டிப்போ பெட்டியில் இருந்ததால் கவிழ்த்துப் பார்க்கவும் வழியில்லை. முறுக்கு நன்றாக வந்ததாம். ருசி தெரியவில்லை.

11-5-53, திங்கள்

கண்ணாடியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் கல்மண்டபத்துப் பக்கம் வாட்ச் ரிப்பேர் பாய் கடைக்கு. வேலை இல்லாமல் விசிறிக்கொண்டிருந்தார். விநாடி முள் உள்ள பெரிய பாக்கெட் கடிகாரம் ஒன்றை எடுத்து வைத்தார். நான் கவிழ்த்தேன்.

பத்தொன்பது.

"திரும்பவும் பாரு பாய்."

பத்தொன்பது. மூன்றாம் தரம், பத்தொன்பதுக்குக் கொஞ்சம் மேல்.

"இருபத்தெட்டுன்னு போட்டு கீதே இதுல," என்றேன்.

"வளையம் ஓடாதே நைனா. மணல்தானே ஓடுது. உள்ள சரக்கு கம்மி."

காசு வேண்டாம் என்றார். வெற்றிலை வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

டிப்போ சுவர் நிழலில் உட்கார்ந்து கணக்கு. தேசப்பன் மழைக்காலத்தில் 2¾ × 28 = 77. இப்போது 4 × 19 = 76. ஒரு விநாடிகூட ஏறவில்லை. மணல் ஓட்டம், முட்டை, என் முறை எல்லாம் சேர்ந்து ஒரு விநாடி நஷ்டம்.

பம்பையும் போட்டுப் பார்த்தேன். 28 விநாடிக்கு 24 அடி என்றால் 19 விநாடிக்கு 16. ஆக சோம்பலும் இல்லை. நாலு மாதமாக இவர்களைத் திட்டியிருக்கிறேன். மூச்சு ஏறியதற்கு நான் காரணம், அடி குறைந்ததற்கு அவர்கள் காரணம். இரண்டு கணக்கும் என் ஒரே நோட்டில், அடுத்தடுத்த பக்கங்களில். பார்த்தவன் நான்தான்.

பள்ளத்துக்கு எழுபது. தேசப்பனுக்கு எழுபத்தாறு, அதுவும் சும்மா நடக்கும்போது. சக்கரம் சுற்றும்போது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. பள்ளத்தை அளந்தது நாயர் கடிகாரம். மூச்சை அளந்தது என் கண்ணாடி. இரண்டையும் ஒரு நாளும் பக்கத்தில் வைக்கவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. இன்னும் ஐந்து நாள்.

12-5-53, செவ்வாய்

புழுக்கம். மேகம் வந்து போனது.

விடியற்காலையில் ஒரு கெட்ட யோசனை. எழுதி வைக்கிறேன், மறந்துபோகக் கூடாது. சலித்த மணல் இன்னும் கொஞ்சம் போட்டு, பாய் கடிகாரத்தில் இருபத்தெட்டாக்கிவிடலாம். தேசப்பனுக்கு நாலு மறுபடி 2¾ ஆகும். கத்திரியில் மூச்சு வாங்குகிறது, சாதாரணம்தான் என்று சொல்லிவிடலாம். நாயரும் நம்புவார். உத்தரவில் வேறு ஏதாவது மாற்றிக்கொள்வார். என் சார்ட்டும் பொய்யாகாது, பட்டையும் போகாது. தேசப்பன் மட்டும் நாலு பேர் முன்னால் இளைத்தவன் ஆவான்.

பல் விளக்கி முடிக்கும்வரை இது நல்ல யோசனையாகவே இருந்தது.

பயிற்சியில் தேசப்பன் நாலேகால் காட்டினான். கபாலி கை தட்டினான். நான் நோட்டில் எழுதினேன். எழுதிவிட்டு வெட்கமாக இருந்தது.

சாயந்திரம் தேசப்பனை நிறுத்தி வைத்துக்கொண்டேன். மணல் வாளிகளுக்குப் பக்கத்தில். எல்லாம் சொன்னேன்: மழை, சட்டி, சல்லடை, பாய், பத்தொன்பது. குறுக்கே பேசாமல் கேட்டான்.

"அப்ப நான் நாலு இல்ல."

"இல்ல."

"மின்னாடி இருந்த மேரியேதான்."

"ஆமா."

காலால் மணலைக் கிண்டினான். கோபப்படுவான் என்று நினைத்தேன். சிரித்தான்.

"உங்க கண்ணாடி டபாய்ச்சா எனுக்கு இன்னா மாமு? என் நெஞ்சு டபாய்க்கல. பள்ளத்துக்கு எயுவது தானே? எனுக்கு எயுவத்தாறு கீது. ஆறு மிச்சம்."

"ஆறு ஒரு மிச்சமாடா?"

"கடலுக்குள்ள ரெண்டு மிச்சத்துல வந்துக்கிறேன்."

அவனை நம்பவைத்தவன் நான். இப்போது நம்பாதே என்றால் எடுபடவில்லை.

13-5-53, புதன்

நாயரிடம் போனேன். போகும் முன் கண்ணாடியைக் கவிழ்த்து, ஒழியும்வரை மூச்சை விட்டேன். பத்தொன்பதானாலும் பதற்றம் அடங்கியது. அதற்கு எவ்வளவு விநாடி என்பது முக்கியமில்லை போலிருக்கிறது.

நின்றுகொண்டே சொன்னேன். அவர் கோபத்தில் கத்துகிறவர் அல்ல. கண்ணாடியைத் தாமே கவிழ்த்து, தம் கடிகாரத்தில் பார்த்தார். இரண்டு தரம். பிறகு சுவரில் சட்டம் போட்ட சார்ட்டைப் பார்த்தார்.

"நாளைக்குக் காலையில தேசப்பன என் முன்னாடி நிறுத்துங்க. வாட்ச் வெச்சுப் பாப்போம். நடக்க வேண்டாம். வேலை செய்யட்டும்."

அவ்வளவுதான். வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

தனத்திடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் சல்லடையைத் தெருவில் எறிவாள். கொடுத்தது நான், சரிபார்க்காதது நான். அவள் வீட்டு வேலையை வீட்டு வேலையாகச் செய்தாள்.

14-5-53, வியாழன்

ஏழு மணி. கிடங்குக்குப் பின்னால் பழைய வால்வு ஒன்று தரையில் கிடக்கிறது; சக்கரம் அதே அளவு. பக்கத்தில் ஏணியைச் சாய்த்தோம். தேசப்பன் ஏறி இறங்கி, சக்கரம் சுற்றி, மறுபடி ஏற வேண்டும். மூச்சு விட்டால் கை தூக்க வேண்டும். நாயர் கடிகாரத்தோடு.

சக்கரம் துருப்பிடித்து இறுகல். மூன்றாம் சுற்றில் கழுத்து நரம்பு புடைத்தது. ஐந்தாம் சுற்றில் வாயைத் திறந்துவிட்டான்.

"நாப்பத்தொம்பது," என்றார் நாயர்.

மறுபடி ஒரு தபா என்று கேட்டான். கால் மணி இளைப்பாறிவிட்டு மறுபடி. ஐம்பத்தொன்று. ஆறாம் சுற்று முடியவில்லை. ஏணிப் பக்கம் போகவே இல்லை.

அவன் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. குழாயடிக்குப் போய்த் தலையில் தண்ணீர் விட்டுக்கொண்டான்.

உத்தரவை வாபஸ் வாங்குங்கள் என்று நாயரிடம் கேட்டேன். இங்கேதான் சிக்கல்.

"மேஸ்திரி, அது என் கையெழுத்தோட மேல போயாச்சு. சனிக்கிழமை லைன் நிறுத்தறதுக்கு ஹார்பர்ல நேரம் வாங்கியாச்சு. மறுபடி எப்போ கிடைக்குமோ. கசியணும்னு என்ன கட்டாயம்? நூத்துல ஒண்ணு."

"கசிஞ்சா சார்?"

"அப்போ பாத்துக்கலாம்."

நூற்றில் ஒன்று எங்கே எண்ணினார் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. என் எண்ணும் அப்படித்தான் வந்தது.

ஆனால் டிப்போ டைரியில் எழுதினேன், நீல மையில், அவர் எதிரில்: மூச்சு சார்ட் தவறு. தவறு என்னுடையது. முகமூடி இல்லாமல் மூன்றாம் பள்ளத்தில் ஆள் இறங்குவதற்கு நான் சான்று தரவில்லை. கையெழுத்து.

அவர் படித்தார். "இதை எழுதினா ஜூன் மாசப் பட்டை போகும், தெரியும்ல?" என்றார். கடுமையாக இல்லை, வருத்தமாகவே கேட்டார்.

தெரியும் சார் என்றேன். தெரியும்தான். பதினாறு வருஷ வேலை. ஆசை இருந்தது. இல்லை என்று எதற்கு எழுத வேண்டும், இது என் நோட்டு.

15-5-53, வெள்ளி

சின்னவளுக்கு வேர்க்குரு. நுங்கு வாங்கினேன்.

சார்ட் சுவரிலிருந்து போய்விட்டது. சட்டம் மட்டும் ஆணியில்.

பம்பு ஆட்களிடம் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். கபாலி, "எப்ப திட்டினீங்கோ?" என்றான். இவ்வளவு நாள் காதிலேயே வாங்கவில்லை போலிருக்கிறது.

தேசப்பன் பயிற்சிக்கு வந்தான். கண்ணாடி கேட்கவில்லை. நானும் எடுக்கவில்லை. கிளம்பும்போது, "நாளைக்கி நான்தானே பள்ளத்தாண்ட?" என்றான்.

"நீ நிப்பே. எறங்கமாட்டே."

"உத்தரவுல என் பேரு கீது மேஸ்திரி."

அந்தப் பெயரை நான்தான் போட வைத்தேன்.

16-5-53, சனி

சுருக்கமாக. கை ஓய்ந்திருக்கிறது.

காற்றே இல்லை. எட்டு மணிக்கு வால்வைப் பிரிக்கிற பிட்டர் இறங்கினார், இடுப்பில் கயிறு. நாங்கள் மேலே, நுரை வாளி, மணல், ஈரச் சாக்கு. ஒன்பதரை வரை ஒன்றுமில்லை. நாயர் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார், பார்த்தாயா என்பதுபோல்.

ஒன்பதே முக்காலுக்கு வாசனை. பிட்டர் தாமே ஏறி வந்தார், கண் சொருகல், குடித்தவர் நடை. இழுத்து நிழலில் கிடத்தினோம். கீழே பீய்ச்சுகிற சத்தம். வால்வு பாதி திறந்தபடி.

யாரோ, "மூடணும், மூடணும்" என்றார்கள். நாயர் முகம் வெளுத்திருந்தது. அவர் இறங்கு என்று சொல்லவில்லை. இறங்காதே என்றும் சொல்லவில்லை. எல்லோரும் தேசப்பனைப் பார்த்தார்கள். அவன் செருப்பைக் கழற்றியிருந்தான்.

நான், "யாரும் எறங்க வேண்டாம். டேங்க் வால்வ மூடுங்க, லைன் காலியாவட்டும்" என்றேன். கத்தினேனாம். மற்றவர்கள் சொல்கிறார்கள். டேங்க் வால்வு அரை மைல்; ஓட்டத்தை மட்டும் நிறுத்திவிட்டு அதைத் திறந்தே விட்டிருந்தார்கள். கபாலி ஓடினான். அது மூடி, பைப்பில் இருந்தது முழுக்கப் பள்ளத்தில் வடிந்து நிற்க ஒன்றரை மணி நேரம். அதுவரை சுற்றிலும் நுரை போட்டுக்கொண்டே, யாரையும் கிட்டே விடாமல் நின்றோம். பம்பு ஆட்கள் நிற்காமல் அடித்தார்கள்.

போன பெட்ரோலுக்கு நாயர் பதில் எழுத வேண்டும். எழுதட்டும், என் பெயரையும் போடட்டும்.

மத்தியானம் பள்ளத்துக்குள் ஒரு கோழியைக் கூடையில் வைத்து இறக்கிப் பார்த்தார்கள். நாயர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோழி நாற்பது விநாடியில் சாய்ந்தது. அவர் கடிகாரத்தைப் பையில் போட்டுக்கொண்டு, ஆபீஸுக்குப் போய், பழைய உத்தரவைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒரு வரி டைப் அடித்துச் சுவரில் ஒட்டினார். முகமூடி வரும்வரை மூன்றாம் பள்ளம் பூட்டு.

லீடிங் ஃபயர்மேன் பதவிக்குக் கபாலியின் பெயர் போகிறது. நல்ல ஓட்டம் ஓடினான்.

தேசப்பன் என்னிடம் பேசாமலே வீட்டுக்குப் போய்விட்டான்.

17-5-53, ஞாயிறு

கடற்காற்று சீக்கிரம் வந்தது. சங்கத்துக்குப் போகவில்லை. தூங்கினேன்.

தனத்திடம் சொல்லிவிட்டேன், சல்லடை உட்பட. அடுப்பைத் தணித்தாள். "அன்னிக்கி முறுக்கு சுடாம இருந்திருந்தா நான் சொல்லியே இருக்கமாட்டேன்" என்றாள்.

பத்து மணிக்கு மங்கா வந்தாள். கையில் தேசப்பனுடைய காக்கிச் சட்டை. முகம் சரியில்லை. வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"மேஸ்திரி, தப்பா நெனச்சிக்காதீங்கோ. அவருக்கும் உங்களுக்கும் இன்னா தகராறு?"

"ஏம்மா? அவன் இன்னா சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லமாட்டேன்றாரு. நேத்துலேந்து சும்மா குந்திகினு கீறாரு. பேஜாரா கீது எனுக்கு. சட்ட எப்பிடி கியிஞ்சிச்சின்னு கேட்டா, மேஸ்திரி புடிச்சி இஸ்த்தாரு, உடவே மாட்டேன்னுட்டாருன்றாரு."

சட்டையை வாங்கிப் பார்த்தேன். முதுகுப் பக்கம், காலரிலிருந்து தோள்வரை கிழிசல். இரண்டு பட்டன் இல்லை. தைத்த நூலோடு பிய்ந்திருந்தது.

எனக்கு நினைவே இல்லை. கத்தியதும் நினைவில்லை, பிடித்ததும் நினைவில்லை. அவன் செருப்பைக் கழற்றியதுவரை தெரியும். அதற்குப் பிறகு அவன் பள்ளத்தை நோக்கிப் போனான் என்பதே இந்தச் சட்டையைப் பார்த்துத்தான் தெரிகிறது.

தனம் ஊசி நூல் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மங்கா இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தகராறுதாம்மா," என்றேன்.

"பத்து வருசப் பயக்கம். இனிமே இப்பிடி கை வெச்சிக்காதீங்கோ மேஸ்திரி."

சரி என்றேன்.